அக்காவுக்கு ஏன் சைக்கிள் கிடையாது

போன வாரம் ஆபீஸ்ல ஒரு மெயில் அனுப்பினேன். ரெண்டே வரிதான், அதை டைப் பண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. உங்க சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ போயிடும், அதனால சைக்கிள் திட்டத்துல சேர்க்க முடியாதுன்னு எழுதணும், அவ்வளவுதான் விஷயம். யாருக்கு எழுதினேனோ அந்த அக்கா கீழ் தளத்துல சமோசா பேக்கிங் லைன்ல நிக்கறாங்க, நான் மேல பேரோல்ல, அதாவது சம்பளக் கணக்குப் பிரிவுல, உட்கார்ந்திருக்கேன், ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வாசல். அவங்ககிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதுறேன், "எழுதுங்கோ பிள்ளை, நாலு பேர் படிக்கட்டும்"னு சொன்னாங்க.

எங்க கம்பெனி இருக்கறது லண்டன் பார்க் ராயல்ல. சவுத் ஹாரோல இருந்து எட்டு கிலோமீட்டர் சொச்சம் சைக்கிள்லதான் வர்றேன், ஒண்ணரை வருஷமாச்சு. ஆல்பர்ட்டன் வரைக்கும் ரோடு, அதுக்கப்புறம் கால்வாய்க் கரை. 1801-ல திறந்த கால்வாய் அது, மேடு பள்ளமே கிடையாது. ஒரு இடத்துல நார்த் சர்க்குலர் ரோடுக்கு மேல பாலம் கட்டி கால்வாயையே தூக்கிக் கொண்டு போயிருக்காங்க, கீழ காருங்க வரிசையா நிக்கும், மேல தண்ணியும் வாத்தும் நானும் போய்க்கிட்டிருப்போம். குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும், கரையில லைட்டு கிடையாது, அப்ப மட்டும் ரோட்டு வழியா சுத்திப் போவேன். காலையில அந்தக் கரையில இருக்கற அரை மணி நேரம்தான் நாள் முழுக்க என்னோடது, அதுக்காகவே இந்த சைக்கிள் திட்டத்தை யார் கேட்டாலும் சேருங்கன்னுதான் சொல்வேன்.

இங்க இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இதுல குழப்பம் இருக்கு, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். பேரு சைக்கிள் டு வொர்க். 1999 நிதிச் சட்டத்துல கொண்டுவந்தது. கம்பெனி தன்னோட ஊழியருக்கு வேலைக்கு வந்து போக ஒரு சைக்கிளைக் கொடுத்தா அதுக்கு வரி கிடையாது, அடிப்படை அவ்வளவுதான். அதுக்கு மேல சேலரி சாக்ரிஃபைஸ்னு ஒரு ஏற்பாட்டை வச்சுக்கறாங்க, அதாவது வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே மொத்தச் சம்பளத்துல இருந்து மாசம் இவ்வளவுன்னு விட்டுக்கொடுக்கறோம், விட்டுக்கொடுத்த தொகைக்கு வருமான வரியும் இல்ல, நேஷனல் இன்சூரன்ஸும் (பென்ஷன், உதவித்தொகைக்காக அரசாங்கம் சம்பளத்துல பிடிக்கறது) இல்ல. ஹெல்மெட், லாக், லைட்டு, மட்கார்டு, பின்னாடி மாட்டற பை, குழந்தை சீட்டு எல்லாத்தையும் அதே கணக்குல சேர்த்துக்கலாம். மின் சைக்கிளும் உண்டு, 250 வாட், மணிக்கு 15.5 மைல் வரைக்கும் உதவற வகை. பாதிக்கு மேல ஓட்டறது வேலைக்காக இருக்கணும்னு விதி, ஆனா அதுக்காக தினமும் கணக்கு எழுதி வைக்க வேண்டியதில்ல. 2017 ஏப்ரல்ல ஜிம், மொபைல் மாதிரி சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கற நிறைய விஷயங்களுக்கு வரிச் சலுகையை எடுத்துட்டாங்க, பென்ஷன், குழந்தை பராமரிப்பு, சைக்கிள் மாதிரி சிலதை மட்டும் தொடலை. இது வேணும்னு அரசாங்கமே நினைக்குதுன்னு அர்த்தம்.

இப்ப கணக்குக்கு வருவோம். 800 பவுண்டு சைக்கிள், 12 மாசம். மாசம் 66.67 மொத்தச் சம்பளத்துல குறையும். 20 சதவீத வரி, 8 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டற ஆளுக்கு கையில குறையறது 48 பவுண்டுதான், வருஷத்துக்கு 576. 224 மிச்சம்.

ஆனா பனிரெண்டு மாசம் கட்டி முடிச்சதும் சைக்கிள் உங்களோடது ஆயிடாது, இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. அது வரைக்கும் நீங்க கட்டினது வாடகை. சைக்கிள் கம்பெனியோடது, இல்லன்னா திட்டத்தை நடத்தறவங்களோடது. சொந்தமாக்கிக்க சந்தை மதிப்பு கட்டணும், இங்க வரித்துறையான ஹெச்எம்ஆர்சி அதுக்கு ஒரு அட்டவணையே போட்டிருக்கு, 500 பவுண்டும் அதுக்கு மேலயும் போட்டு வாங்கின சைக்கிளுக்கு ஒரு வருஷம் முடிஞ்சா 25 சதவீதம், அதாவது 200 பவுண்டு. மிச்சம் பண்ணின 224-ல 200 போயிடும். அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, அப்பவே வாங்காதீங்க, வாடகையை நீட்டிக்கற ஆப்ஷன் இருக்கான்னு கேளுங்க. நாலு வருஷ முடிவுல மதிப்பு 7 சதவீதம்தான், அந்த 56 பவுண்டை முன்னாடியே டெபாசிட்டா கட்டிட்டு, மாச வாடகை எதுவும் இல்லாம இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம், கடைசியில டெபாசிட்டை விட்டுட்டா சைக்கிள் நம்மளோடது. மொத்தம் 632. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே இதை எழுத்துல வாங்கிக்கோங்க.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் பேரோல்ல உட்கார்ந்து பார்த்ததால சொல்றேன். நடுவுல வேலையை விட்டா பாக்கியை கடைசிச் சம்பளத்துல மொத்தமா பிடிப்பாங்க, அதுவும் வரி போக மிச்சம் இருக்கற காசுல இருந்து. டெலிவரி பிரிவுல ஒரு தம்பி நாலாவது மாசம் வேற வேலைக்குப் போனான், 533 பவுண்டு ஒரே அடியா போச்சு, பேஸ்லிப்பைக் கையில வச்சுக்கிட்டு என் டேபிள் முன்னாடி வந்து நின்னான், என்னால ஒண்ணும் பண்ண முடியலை. சைக்கிள் திருடு போனாலும் மாசம் மாசம் கட்டித்தான் ஆகணும், அதனால லாக்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பூட்டைச் சோதிச்சுப் பார்க்கற சோல்ட் செக்யூர் அமைப்போட கோல்டு இல்லன்னா டைமண்ட் முத்திரை இருக்கறதா பார்த்து வாங்குங்க, வீட்டு இன்சூரன்ஸ்ல சைக்கிள் சேருமான்னு கேட்டு வைங்க. கர்ப்பமா இருக்கறவங்க ஒரு நிமிஷம் யோசிங்க, மகப்பேறு ஊதியத்துல முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்துல 90 சதவீதம் வரும், அந்த சராசரியை குறைச்ச சம்பளத்தை வச்சுத்தான் போடுவாங்க. தொகை சின்னதுதான், இருந்தாலும் தெரிஞ்சே முடிவு பண்ணுங்க.

இனிமே அக்கா விஷயம்.

அக்காவுக்கு ஐம்பதை நெருங்குது, யாழ்ப்பாணம் வடமராட்சி. வெம்பிளில இருக்காங்க, அஞ்சு மணி ஷிஃப்டுன்னா அந்த நேரத்துக்கு டியூப் (பாதாள ரயில்) ஓடாது, முப்பத்தஞ்சு நிமிஷம் நடந்து வருவாங்க, ஜனவரியிலயும். சைக்கிள் இருந்தா பன்னெண்டு நிமிஷம். சைக்கிள் அவங்களுக்கு புதுசு இல்ல, என்னை விட நல்லாவே ஓட்டுவாங்க. தொண்ணூறுகள்ல பொருளாதாரத் தடையில யாழ்ப்பாணத்துல பெட்ரோல் கிடையாது, மொத்த ஊரும் சைக்கிள்லதான் ஓடியிருக்கு. லுமாலா சைக்கிள்ல முன்னாடி தங்கச்சி பின்னாடி அரிசி மூட்டைன்னு போன கதையெல்லாம் சொல்லுவாங்க, ராத்திரியில சைக்கிளைக் கவுத்து வச்சு பெடலைச் சுத்தி டைனமோ கரண்ட்டுல ரேடியோ கேட்ட கதையும். நோட்டீஸ் போர்டுல திட்டத்தோட போஸ்டரைப் பார்த்துட்டு நேரா என்கிட்ட வந்து, "பிள்ளை, எனக்கும் ஒண்டு எடுத்துத் தாருமன், கூடை வச்சது"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சுக்கிட்டே ஃபார்ம் கொடுத்தேன். யோசிக்கலை. அந்த ஃபார்மை கொடுத்திருக்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சற சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ போகக் கூடாது. 2025-26 வரி வருஷத்துல 21 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு. அந்த வருஷம் அக்கா வாங்கினதும் சரியா 12.21. அப்ப ஒரு பென்னி கூட விட்டுக்கொடுக்க முடியாது. இந்த விதி எதுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன், யூனிஃபார்ம் காசு அந்தக் காசு இந்தக் காசுன்னு முதலாளிங்க சம்பளத்தைக் கரைக்காம இருக்க வச்ச வேலி அது, அது இருக்கணும். என் கோபம் வேலி மேல இல்ல, வரிச் சலுகைங்கற கதவை அந்த வேலிக்கு மறுபக்கம் கொண்டுபோய் வச்சதுல இருக்கு.

அக்கா கேட்ட கேள்வி இது: "நானும் வரி கட்டுறன்தானே பிள்ளை, எனக்கு மட்டும் ஏன் தரமாட்டினம்?"

கட்டறாங்க. அந்த 12.21 கணக்குல வாரம் 35 மணி நேரம்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1,930 பவுண்டு வருமான வரி, 770 நேஷனல் இன்சூரன்ஸ், நான்தான் மாசா மாசம் பிடிச்சு அனுப்பறேன். அதே 800 பவுண்டு சைக்கிளை 40 சதவீத வரி கட்டற மேனேஜர் எடுத்தா அவருக்கு 42 சதவீதம் மிச்சம், 336 பவுண்டு. எனக்கு 224. அக்காவுக்கு பூஜ்ஜியம். 2019-ல வழிகாட்டு நெறியைத் திருத்தி ஆயிரம் பவுண்டுக்கு மேலயும் எடுக்கலாம்னு தெளிவாக்கினாங்க, அதுக்குத் தேவையான அனுமதி இருக்கற நிறுவனம் வழியா போனா போதும். இப்ப நாலாயிரம் பவுண்டு மின் சைக்கிள் எடுக்கற மேனேஜருக்கு 1,680 பவுண்டு வரிச் சலுகை, அது அதே கணக்குல அக்கா கைக்கு வந்த ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். மேனேஜருக்குக் கொடுக்காதீங்கன்னு சொல்லலை, அவரும் காரை விட்டுட்டு வரட்டும், ரோட்டுக்கு நல்லது. ஆனா யார்கிட்ட காரே இல்லையோ, யாருக்கு அஞ்சு மணிக்கு டியூப் இல்லையோ, அவங்க போனா பாதி விலை குறையற மாதிரி இல்ல ஒரு திட்டம் இருக்கணும்? வெம்பிளி ஹை ரோட்ல சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க நாள் முழுக்க சைக்கிள் மேலதான் இருக்காங்க, அவங்க சுயதொழில் கணக்குல வர்றதால அவங்களுக்கும் இது கிடையாது.

எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. எங்களுக்குப் புதுக்கோட்டை ஜில்லா. அறிவொளி இயக்கம் நடந்தப்ப, 1991-92 வாக்குல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, எழுத்துப் படிக்க வந்த பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க. அம்மா கல்லு உடைக்கப் போனவங்க, பாவாடையை இழுத்துச் செருகிக்கிட்டு சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துல விழுந்து எந்திரிச்சு கத்துக்கிட்டாங்களாம். அதோட விடலை, பேங்குகள்கிட்ட பேசி பொம்பளைங்களுக்கு சைக்கிள் லோனுக்கும் ஏற்பாடு பண்ணினாங்க. அம்மா எடுத்தது ஜென்ட்ஸ் சைக்கிள், முன் பார்ல புள்ளைய உட்கார வைக்கலாம்னு. அந்த பார்ல உட்கார்ந்து போன புள்ள நான்தான். அந்த ஊர்ல சைக்கிள் யார்கிட்ட போய்ச் சேரணும்னு முதல்ல யோசிச்சாங்க, காசுக்கு வழி அப்புறம் கண்டுபிடிச்சாங்க. இவ்வளவு பணம் இருக்கற நாட்டுல வழியை முதல்ல போட்டுட்டு, அந்த வழியில வர முடியாதவங்களை விட்டுட்டாங்க.

முடியாதான்னு கேட்டா, முடியும். சட்டத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். கம்பெனி சைக்கிள் கொடுத்தா வரி இல்லங்கறதுக்கு சேலரி சாக்ரிஃபைஸ் கட்டாயமே இல்ல, அது நாமளா சேர்த்துக்கிட்டது. கம்பெனி தன் காசுல வாங்கி ஊழியர்கிட்ட சும்மா கொடுத்து வச்சாலும் அதே விலக்குதான். காசுக்கு எங்க போறது? நாங்க சம்பளத்தை விட்டுக்கொடுக்கும்போது எங்க வரி மட்டும் குறையறதில்ல, கம்பெனி கட்டற நேஷனல் இன்சூரன்ஸும் குறையுது, 15 சதவீதம். 800 பவுண்டுக்கு 120. எங்க ஆபீஸ்ல ஏழு பேர் சேர்ந்தோம், எல்லாரும் ஏறக்குறைய அதே விலை. ஏழு நூத்தி இருபது 840. ஒரு சைக்கிள், லாக், லைட்டோட. அந்தக் காசு கம்பெனி கணக்குல தானா மிஞ்சினது, யாரும் அதுக்காக ஒரு துரும்பைக் கூட அசைக்கலை. ஏழு பேர் சேர்ந்தா குறைஞ்ச சம்பளத்துல இருக்கற ஒருத்தருக்கு ஒரு சைக்கிள், அதை விதியாவே வச்சுடலாம்.

அரசாங்கம் மாத்தணும்னா பெரிய வேலை, குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு நேரடியா வவுச்சரா கொடுக்கலாம், எம்பிக்கு எழுதலாம், எழுதவும் போறேன். ஆனா கம்பெனி நினைச்சா அடுத்த மாசமே செய்யலாம். பேரோல்லயோ ஹெச்ஆர்லயோ இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா உங்க கம்பெனிக்கு அந்த 15 சதவீதம் எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

நான் கூட்டிப் பார்த்து, ஒரு பக்கத்துல எழுதி, டைரக்டர்கிட்ட திங்கட்கிழமை கொடுத்தேன். படிச்சுப் பார்த்துட்டு "யோசிக்கிறேன்"னு சொல்லியிருக்காரு. அக்காகிட்ட இன்னும் எதுவும் சொல்லலை, மறுபடியும் ஒரு தடவை ஆசை காட்டி இல்லன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. இன்னைக்கு காலையில மழை. நான் எட்டரைக்கு சைக்கிளை நிறுத்திட்டு உள்ள நுழையறப்ப அக்கா பிரேக்ல வெளிய நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க, ஷூ இன்னும் ஈரம். என் பின் டயரை அழுத்திப் பார்த்துட்டு, "காத்துக் காணாது பிள்ளை, அடியும்"னாங்க.