டிக்கெட்ல போட்ட நேரத்தை அப்படியே கழிக்காதீங்க

ப்ரோ, அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் ஐரஸ்ல இருந்து சிலி தலைநகர் சாண்டியாகோ 1,400 கிமீ, ஃப்ளைட்ல 1 மணி 20 நிமிஷம்தான்னு போட்டிருக்கீங்களே, ரெண்டுமே தப்பு. அந்த 1,400 ரோட்டு தூரம், மெண்டோசா வழியா மலையைச் சுத்தி ஏறி இறங்குற கணக்கு, நேர்கோட்டுல பார்த்தா சுமார் 1,140 கிமீதான் வரும்.

நேரத்துல எங்க வழுக்குனீங்கன்னா, டிக்கெட்ல காலைல 10:00 கிளம்பி 11:20க்கு இறங்குதுன்னு இருக்கும், ஆனா ரெண்டும் அந்தந்த ஊர் நேரம். ஜூன், ஜூலைல அங்க குளிர்காலம், அப்போ சிலி அர்ஜென்டினாவை விட ஒரு மணி நேரம் பின்னாடி, அப்போ நிஜத்துல 2 மணி 20 நிமிஷம் ஆகுது. டிசம்பர்ல பார்த்தீங்கன்னா ரெண்டு ஊர் கடிகாரமும் ஒண்ணுதான், ஏன்னா சிலி மட்டும் கடிகாரத்தை மாத்துது, அர்ஜென்டினா வருஷம் பூரா ஒரே நேரம்.

இன்னொண்ணு, மேற்கால போறப்ப எதிர்க்காத்து, அதனால திரும்பி வர்றதை விட கொஞ்சம் கூடவே ஆகும். நடுவுல இருக்கிற ஆண்டீஸ் மலைத்தொடர் மேல வேற குலுக்கும், கடைசி அரை மணி நேரம் பெல்ட்டைக் கழட்டாதீங்க. சாண்டியாகோ போறப்ப வலது பக்க ஜன்னல் கிடைச்சா விட்டுடாதீங்க, மேகம் இல்லேன்னா 6,961 மீட்டர் அகோன்காகுவா சிகரம் தெரியும்.