பதினஞ்சாம் தேதியே முடிஞ்சிடுச்சாம்!

அந்த வீடியோவை இதுவரைக்கும் ஒன்பது பேர் அனுப்பிட்டீங்க. போதும் லா, பார்த்துட்டேன்.

தமிழ்நாட்டுலேர்ந்து ஊர் சுற்றி வீடியோ போடுற தம்பி மலேசியாவுல நம்ம பினாங்குக்கு வந்தார், சந்தோஷம். பாடாங் கோத்தா திடல்ல மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின அணிவகுப்பைப் பார்த்தார், ரொம்ப சந்தோஷம். பள்ளிப் பிள்ளைங்க பேண்டு, கொம்பாங் மேள அடி, வெயில்ல வேர்த்து வழிஞ்சுகிட்டு நடக்கிற தீயணைப்புக்காரங்க, காட்ட எவ்வளவோ இருந்துச்சு. இவர் நேரா போனது நம்ம தேசியக் கொடி ஜாலூர் கெமிலாங் பிடிச்சுகிட்டு நின்ன ஒரு தமிழ்த் தாத்தாகிட்ட. "தாத்தா, நம்ம சுதந்திர தினம் பதினஞ்சாம் தேதியே முடிஞ்சிடுச்சே?" பின்னாடி சிரிப்புச் சத்தம் வேற.

யாரோட 'நம்ம', தம்பி? ஆகஸ்ட் 15 இந்தியாவோடது. மலேசியாக்காரரான தாத்தாவோட சுதந்திர தினம் ஆகஸ்ட் 31. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு தடவை "மெர்டேக்கா"ன்னு முழங்கின 1957-லயே தாத்தா இங்கே பையனா ஓடிக்கிட்டு இருந்திருப்பார். அன்னைக்கு அமைச்சரவையில நம்ம தமிழர் வீ. தி. சம்பந்தன் இருந்தார். விருந்தாளியா இல்ல, அமைச்சரா.

"சும்மா ஜாலிக்குக் கேட்டான், இதுக்குப் போய்…"னு வருவீங்க. தெரியும். ஜாலின்னா ரெண்டு பேரும் சிரிக்கணும். தாத்தா சிரிச்ச சிரிப்பை மறுபடி போட்டுப் பாருங்க. "உனக்குத் தமிழ்நாட்டுக்காரங்கன்னாலே ஆகாது"ன்னு இன்னொருத்தர் வருவார். என் சம்பந்தி வீடே தஞ்சாவூர்ங்க, ஆளை விடுங்க.

சின்ன வயசுல அப்பா எங்களை பட்டர்வொர்த்திலிருந்து கையில கொடியோட விடிகாலை ஃபெரியில கூட்டிட்டுப் போவார். அணிவகுப்பு முடிஞ்சதும் கடலோரமா நடந்து துறைமுகம் பக்கம் கொஞ்ச நேரம் நிப்பார். ஏன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. பெரிய அத்தை கைக்குழந்தையா ஊர்லேர்ந்து வந்தவங்க. சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாங்க. குடியுரிமைக்கு மனு போடணும்னு யாரும் சொல்லித் தரல, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி (அடையாள அட்டை)தான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்யப் பர்மிட் வேணும்னு அரசாங்கம் சொல்லிடுச்சு, அத்தைக்குக் கிடைக்கல. 1970-ல இந்தியாவுக்குப் போற ரஜுலா கப்பல் ஏறுனாங்க, இந்தத் துறைமுகத்துலதான். பார்த்த ஞாபகமே இல்லாத ஒரு 'சொந்த ஊருக்கு'. திரும்பி வரவே இல்ல. இப்படிச் சொந்தத்தை அறுத்து எடுத்த பிறகு மிஞ்சினதுதான் அப்பா கையில இருந்த அந்தக் கொடி.

தம்பி மேல மட்டும் கோபமான்னா, இல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்தவன் "பெண்டாத்தாங், பாலேக் இந்தியா"ன்னு, அதாவது வந்தேறி, இந்தியாவுக்கே திரும்பிப் போன்னு எழுதுறான். அவன் எழுதினா போலீஸ் ரிப்போர்ட்டு, கண்டன அறிக்கை, கூட்டம். அதே கேள்வியை அழகான தமிழ்ல, ட்ரோன் ஷாட்டோட கேட்டா மட்டும் ஹார்ட்டின் போடுறீங்க. போட்டவங்க பாதிப் பேர் நம்ம ஆளுங்க! அதுதான் வலிக்குது.

சுற்றிப் பார்க்க வாங்க. நாசி கண்டார் சாப்பிடுங்க, நானே காசு கொடுக்கிறேன். கொடி வச்சிருக்கிறவர்கிட்ட "எங்கேர்ந்து வந்தீங்க"ன்னு கேளுங்க. "பிறையிலேர்ந்து"ம்பார், பட்டர்வொர்த் பக்கத்து ஊர். அங்கேயே நிறுத்திக்குங்க.

தம்பி செப்டம்பர் கடைசி வரைக்கும் இங்கேதானாம். 16-ஆம் தேதி மறுபடி கொடியைப் பார்த்துட்டு "இன்னொரு சுதந்திர தினமா?"ன்னு தலைப்பு வைப்பார். அது 1963-ல மலேசியா உருவான நாள், மலேசியா தினம்னு யாராவது முன்கூட்டியே சொல்லி வைங்க. நான் சொன்னா சண்டையாயிடும்.