நோக்கியா வருது, ஓரம் போ!

நேற்று அந்த வீடியோவின் கீழே எனக்குக் கிடைத்த அர்ச்சனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி போன், முதுகு முழுக்க கேமரா, "ஆப்பிளுக்கு ஆப்பு வைக்க வந்தாச்சு நோக்கியா" என்று ஓடுகிறதே, அதுதான். இது யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த படம், அப்படி ஒரு போனே கிடையாது என்று ஒரே ஒரு வரி எழுதினேன். உடனே நான் சீனாக் கம்பெனிகளின் கைக்கூலி ஆகிவிட்டேன். கூலியை எங்கே போய் வாங்கிக்கொள்வது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். நீங்கள் காத்திருக்கும் நோக்கியா போன் தொழிலை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள், 2014 ஏப்ரலில் கைமாறியது. மைக்ரோசாஃப்ட் அடுத்த வருஷமே அதில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2016-இல் ஃபின்லாந்தில் ஹெச்எம்டி என்று ஒரு கம்பெனி தொடங்கி, நோக்கியா என்ற பெயரைப் பத்து வருஷ உரிமத்தில் எடுத்துக்கொண்டது. 2017-இலிருந்து கடைக்கு வந்த 'நோக்கியா' எல்லாம் அவர்களுடையது. பெயர் மட்டும்தான் பழசு. நிஜ நோக்கியா செல்போன் டவர்களுக்குக் கருவி செய்து நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் நம்ம சென்னைக்குப் பக்கத்திலேயே.

"பெயர் இருந்தால் போதாதா?" போதாது. போன மாதம் அப்பாவுக்கு போன் வாங்க தாம்பரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் விவோ டிஷர்ட் ஒரு பக்கம் இழுக்கிறது, ஓப்போ டிஷர்ட் மறுபக்கம். சாம்சங் தம்பி அதற்குள் மாதத் தவணையைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஹெச்எம்டி இருக்கா என்று கேட்டேன். "டிவியா சார்?" என்றார். நோக்கியா பெயரில் வருமே என்றதும், "ஓ, பட்டன் போனா! அந்தக் கடைசி ஷெல்ஃபில் பாருங்க." பார்த்தேன். விலைச் சீட்டு வெளுத்துப்போன டப்பாக்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவர் விற்கிற போனுக்குத்தான் அவருக்கு இன்சென்டிவ். போட்டி என்பது இதுதான். வீடியோவில் வருகிற கண்ணாடி போன் இந்தக் கடைக்குள் ஐந்து நிமிஷம் தாங்காது.

ஹெச்எம்டி போட்ட முதல் போன்கள் நன்றாகத்தான் இருந்தன. உறுதியான உடம்பு, விளம்பரத் தொல்லை இல்லாத சுத்தமான ஆண்ட்ராய்டு. ஆனால் அதே காசுக்கு ஷாவ்மியும் ரியல்மியும் வேகமான பிராசஸர் கொடுத்தால் ஜனங்கள் எதை வாங்குவார்கள்? பெயரை வைத்து போன் விற்க முடியாது என்பது ஹெச்எம்டிக்கே புரிந்து, 2024-இலிருந்து சொந்தப் பெயரில் போன் விட ஆரம்பித்துவிட்டது. 2025-இல் அமெரிக்காவில் கடையைச் சுருக்கிக்கொள்வதாக அறிவித்தது. அவர்களுக்கே புரிந்தது உங்களுக்கு ஏன் புரியவில்லை?

"நோக்கியாவைச் சுவரில் அடித்தாலும் உடையாதே!" தெரியும் ஐயா, எங்கள் வீட்டிலும் 1100 இருந்தது. கரண்ட் போனால் அம்மா முதலில் தேடுவது அதைத்தான், டார்ச்சுக்காக. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. எனக்கு நோக்கியாவைப் பிடிக்காது என்று எவன் சொன்னது? ஆனால் உடைந்ததாலா தோற்றார்கள்? 2007-இல் ஐபோன் வந்த பிறகும், போனை இயக்கும் தங்கள் பழைய மென்பொருளான சிம்பியானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, 2011-இல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் பக்கம் தாவினார்கள். மீகோ என்ற இன்னொரு மென்பொருளில் என்9 என்று அருமையான போன் ஒன்றைச் செய்தார்கள், அது கடைக்கு வரும் முன்பே அந்த வழியை மூடியும் விட்டார்கள். 2012 ஏப்ரலில் விண்டோஸில் ஓடும் லூமியா 900 வந்தது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் போன் 8 கிடைக்காது என்று ஜூனிலேயே சொல்லியாகிவிட்டது. வாங்கியவன் டப்பாவைக்கூடத் தூக்கிப் போட்டிருக்க மாட்டான்.



இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டிரைக் பண்ணியே நோக்கியாவை மூடிட்டாங்க" என்று ஒருவர் எழுத, அதற்கு எத்தனை இதயம், எத்தனை சிரிப்பு!

ஸ்டிரைக் நடக்கவில்லையா? 2010-இல் நடந்தது, சம்பளத்துக்காக. அதற்குப் பிறகும் நாலு வருஷம் அங்கிருந்த நோக்கியா போன் ஆலை ஓடியது. 2006-இல் திறந்த ஆலை அது. உச்சத்தில் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பெண்கள். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் விடியற்காலை அந்த ஆலை பஸ் வந்து நிற்கும். ஈரத்தலையோடு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி, பாதித் தூக்கத்தில் ஏறுவார்கள். சிம்பியானை விடாமல் பிடித்திருந்தது அவர்களா? விண்டோஸ் பக்கம் தாவச் சொன்னது அவர்களா? வருமான வரி வழக்கில் சிக்கியதால்தான் அந்த ஆலை மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. பிறகு மைக்ரோசாஃப்ட்டுக்கே கூலி அடிப்படையில் போன் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்றதும் 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடினார்கள். ஃபின்லாந்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவன் தப்பித்துக்கொள்வான், லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கியவள் கெடுத்தவள் ஆகிவிடுவாள். நல்ல நியாயம்.

ஹெச்எம்டி பிழைக்குமா என்று உண்மையாகவே கேட்டவர்களுக்கு: பட்டன் போனிலும், நாமே பிரித்து மாற்றிக்கொள்ளும் மாதிரி வருகிற சில போன்களிலும் ஒரு ஓரமாகப் பிழைத்துக்கொள்ளலாம். ஆப்பிளையும் சாம்சங்கையும் தொட முடியாது. இதைச் சொன்னதற்கு என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஸ்டிரைக் பண்ணி மூடினார்கள் என்று அந்தப் பெண்கள் மேல் பழி போட்டவர் மட்டும் இன்னும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். இன்று ராத்திரிக்குள் அந்தக் கமெண்ட்டை அழித்துவிடுங்கள் சார், இல்லையென்றால் உங்களை நான் பிளாக் செய்துவிடுவேன்.