பச்சை மாங்காய்க்குள் தூங்கும் பூஞ்சை

மாம்பழத்தில் கரும்புள்ளி விழுவதற்கு மருந்து தெளிக்காததுதான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாதிதான் சரி. அந்தப் புள்ளியை உண்டாக்கும் ஆந்த்ரக்னோஸ் நோய்ப் பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் புகுந்துவிடும். ஆனால் காய் பச்சையாக இருக்கும்வரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அதை அடக்கி வைப்பவை தோலில் இயற்கையாகவே உள்ள ரெசார்சினால், காலோடானின் என்ற வேதிப்பொருட்கள். கூடவே, காம்பைக் கிள்ளினால் பீய்ச்சுமே, அந்தப் பால். பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டினை அரிக்கிற கைட்டினேஸ் நொதி அதில் உண்டு. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

காய் பழுக்கப் பழுக்க இந்தத் தடுப்புப் பொருட்கள் குறையும், பூஞ்சை விழித்துக்கொள்ளும். ரகத்துக்கு ரகம் அளவும் வேறு.

எங்கள் தோட்டத்தில் காம்பை ஓர் அங்குலம் விட்டுத்தான் பறிப்போம். பால் வழிந்தால் தோல் கருகும் என்பது தாத்தா சொன்ன காரணம். பால் உள்ளேயே நின்றால் பூஞ்சைக்கும் தடை என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. அடுத்த கட்டுரையில் மருந்துப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்து, காய் பறிக்கும் முறையைப் பற்றியும் எழுதுங்கள்.