அவரிடமே கேளுங்கள்

என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது மதுரைத் திருநகரில் எங்களை அறிந்த அனைவருக்கும் தெரியும். பொதுவில் அதைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. இந்தப் பதிவை அவர் படித்து, சில வரிகளை நீக்கச் சொல்லி, மற்றதற்குச் சம்மதித்த பிறகே இங்கே இடுகிறேன்.

ஆண்டுக்கு ஆண்டு முற்றிக்கொண்டே போகும் நோய் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால், கணவன் மனைவியில் ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தாதியாகவும் ஆகிவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உடல் சார்ந்த வேலைகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். இரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுவதும், தலைவாரிப் பின்னிவிடுவதும், இரவில் கட்டிலில் புரண்டு படுக்கக் கைகொடுப்பதும் இன்று என் வேலைகள். இவற்றால் எங்கள் திருமணம் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை. குறைக்கக்கூடியது, நோயுற்றவர் தமக்காகப் பேசும் உரிமை கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர் கைக்குப் போய்விடுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதில் நோயைவிடச் சுற்றியிருப்பவர்களின் பங்கே பெரிது.

மூளையில், உடலசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதால் வருகிற நோய் இது. கை நடுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முகத் தசைகள் இறுகி உணர்ச்சி வெளியே தெரியாமல் போவதையும், குரல் தாழ்ந்து முணுமுணுப்பாக ஆவதையும் அறிந்தவர்கள் குறைவு. ஆனால் உறவை ஆழமாகச் சோதிப்பவை இவைதாம். முகத்தைப் பார்த்தே மனத்தை அறிந்து பழகியவர்களுக்கு, அந்த முகம் எதையும் சொல்லாதபோது, கோபமோ வெறுப்போ என்றுதான் முதலில் தோன்றும். காதுகுத்து வீட்டில் "மதினி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காக?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மதினி பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார். மகிழ்ச்சியாகவும் இருந்தார்.

1817இல் இந்த நோயை முதன்முதலாக விரிவாக விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நோயாளியின் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று எழுதினார். நோய் முற்றிய நிலையில் சிலருக்கு மறதியும் சிந்தனைக் குழப்பமும் வரக்கூடும் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளிலேயே, தெளிவாகச் சிந்திக்கிற ஒருவரை, பேச்சு மெதுவாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, எதுவும் புரியாதவராக நடத்துவது எவ்வளவு பெரிய அநீதி! மருத்துவர்கூட என்னைப் பார்த்துத்தான் "தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா" என்று கேட்கிறார். அவரிடமே கேளுங்கள் ஐயா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மாத்திரையை எடுத்துக்கொள்பவர்களின் வீட்டில் பொழுது மாத்திரையின்படிதான் நடக்கும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் நன்றாக நடப்பவர், அதன் வீரியம் தீர்ந்ததும் நிலைப்படியைக் கடக்க முடியாமல் கால் ஒட்டியதுபோல் நின்றுவிடுவார். புரதம் மிகுந்த உணவு, மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், பருப்புக்கும் கறிக்கும்கூட நேரம் பார்க்க வேண்டும். இதை அறியாதவர்கள், காலையில் நடந்தவர் மதியம் நிற்பதைப் பார்த்து, நடிப்பு என்கிறார்கள். சித்திரைத் திருக்கல்யாண நாளில் மதுரைப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். அன்று வீட்டில் இருந்தவர்கள் நேரம் தப்பிவிடும் என்று அவசரப்பட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கயிற்றை முடிந்துவிட முன்வந்தார்கள். என் மனைவி மறுத்துவிட்டார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, தம் கையாலேயே முடிச்சிட்டுக்கொண்டார். உதவி என்பது சில வேளைகளில் பக்கத்தில் சும்மா இருப்பதுதான் என்பதை அன்று அங்கிருந்த யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதியவர். இந்த நோயில் கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். வங்கியில் கையொப்பம் ஒத்துப்போகாதபோது, அவருடைய ஓய்வூதியத்தை என் பொறுப்பில் விட்டுவிடுமாறு மிகவும் நல்லெண்ணத்துடன் எங்களுக்கு யோசனை சொன்னார்கள். கையொப்பமிட இயலாதவர் கைநாட்டு வைத்து, வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகளுடன் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. அதைச் சுட்டிக்காட்டி, கணக்கை அவர் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டோம். வீட்டுச் செலவைப் பற்றி இன்றும் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. பெரும்பாலும் அவரே வெல்கிறார். நோயாளி என்று விட்டுக்கொடுத்து நான் தோற்பதில்லை. அப்படி விட்டுக்கொடுக்கத் தொடங்கினால் எங்களுக்குள் பேச எதுவும் மிஞ்சாது.

இரவைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த நோயாளிகள் பலர் கனவில் காண்பதை உடலால் செய்துவிடுவார்கள். உதைப்பதும், கை வீசுவதும், அலறுவதும் உண்டு. அதனால் கட்டிலைப் பிரித்துப் போடுகிற தம்பதிகள் இருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் ஒவ்வோர் இரவும் சொக்கநாதரைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிற ஊர் இது. இந்த ஊரிலேயே, ஐம்பதைத் தாண்டிய தம்பதியின் பள்ளியறையைப் பற்றி மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. டோபமைனைப் போலச் செயல்படும் சில மருந்துகளால் சூதாட்டம், அளவு மீறிய செலவு, கட்டுக்கடங்காத பாலுறவு வேட்கை ஆகியவை சிலருக்கு வரலாம். மருந்தின் விளைவு என்று அறியாமல், "இந்த வயசுல இப்படியா" என்று குணத்தின் மேல் பழி போட்டு உறவுகள் முறிந்துபோவதைத் தடுக்க, மருந்தெழுதும்போதே கணவன் மனைவி இருவரையும் அமரவைத்துச் சில நிமிடங்கள் பேசினால் போதும்.

என்னைப் பாராட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். "மாப்பிள்ளை, உங்களை மாதிரி யாரு பார்ப்பா?" என்று மனைவியின் உறவினர்கள் கைகூப்புகிறார்கள். இதே வேலையைத் தன் கணவனுக்கு ஆண்டுக்கணக்காகச் செய்கிற பெண்ணை இந்தத் தெருவில் யாரும் நின்று பாராட்டியதில்லை. அது அவள் கடமையாம். 2009இல் 'கேன்சர்' என்ற மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, புற்றுநோயோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயோ கொண்ட 515 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. கணவன் நோயுற்ற குடும்பங்களில் 2.9 விழுக்காடு பிரிந்தன. மனைவி நோயுற்ற குடும்பங்களில் அது 20.8 விழுக்காடு. நம் பக்கத்தில் இது நீதிமன்றம்வரை போவது அரிது. "கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருக்கட்டும்" என்று ஒரு பையுடன் அனுப்பிவைத்து, பிறகு திரும்ப அழைக்காமலே இருந்துவிடுவார்கள். அதற்குக் கணக்கெடுப்பு கிடையாது. எனக்கும் அந்த யோசனையைச் சொன்னவர்கள் உண்டு, அவர் காதுபடவே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. நல்லவை, பலருக்கு இவை தெரிவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் தம்பதிகளாக அமர்ந்து பேச ஓர் ஆலோசகரும் வேண்டும், நோயுற்றவர் தனியாக மருத்துவரிடம் பேசச் சில நிமிடங்களும் வேண்டும். இந்த இரண்டாவது கோரிக்கை என்னுடையதன்று. பதிவைப் படித்து முடித்ததும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது.