ஹீமோபிலியா ஒட்டுவதுமில்லை, பீட்ரூட் சாற்றால் மாறுவதுமில்லை

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா உள்ள பிள்ளையோடு விளையாடினால் ஒட்டுமாம். நாற்பது நாள் பீட்ரூட் சாறு குடித்தால் மாறுமாம். இரண்டும் பிழை.

ஹீமோபிலியா பரம்பரையாக வரும் நோய். இரத்தம் உறைய உதவும் புரதங்களில் காரணி 8 குறைந்தால் ஏ வகை, காரணி 9 குறைந்தால் பி வகை. அந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பாதிக்கிறது. மரபணுவைக் காவும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்காகத் தாயைக் குற்றம் சொல்வது பெரிய அநியாயம். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததேயில்லை.

சின்னக் கீறலில் உயிர் போய்விடும் என்பதும் தவறு. இரத்தம் வேகமாகக் கொட்டாது, நெடுநேரம் கசியும். உண்மையில் பயப்பட வேண்டியது உள்ளே கசிவதற்கு: முழங்கால், முழங்கை மூட்டு வீக்கம், தலையில் அடி. இவற்றுக்கு, உடலில் குறைவாக உள்ள அந்தக் காரணியை நாளம் வழியே ஏற்ற வேண்டும். பீட்ரூட்டில் அது இல்லை. சாற்றை நம்பிக் காத்திருந்தால் மூட்டு நிரந்தரமாகப் பழுதாகலாம். வலிக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும்.

சந்தேகமிருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வைத்தியர்களிடம் கேளுங்கள். உலக ஹீமோபிலியா சம்மேளனத்தின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். அந்தக் குரல்பதிவு வந்தால் தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.