இதர செலவுகள்

(மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தம்பி ஒரு கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு வருகிறான். நோட்டின் அட்டையைப் பார்த்தால் சம்பளக்காரன் வீட்டுக் கணக்காகத் தெரியவில்லை. ஏதோ சமஸ்தானத்துக் கணக்கைப் போல் இருக்கிறது.)

தம்பி: அக்கா, காலம் கெட்டுக் கிடக்கிறது. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஆட்குறைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆகையால் இந்த மாதம் முதல் ஒரு காசு விடாமல் கணக்கு எழுதி வருகிறேன். நீயே பார்.

அக்கா: (புரட்டிக்கொண்டே) வரவுக்குப் பச்சை மை, செலவுக்குச் சிவப்பு மை என்று பிரித்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சைப் பேனாவை முதல் தேதி மூடியவன் பிறகு திறக்கவே இல்லை போலிருக்கிறதே. முதல் செலவு, ‘கணக்கு நோட்டு’. இரண்டாவது, ‘பேனா, இரண்டு’. மூன்றாவது, ‘இதர’. ஐந்தாவது, ‘இதர’. ஒன்பதாவது, ‘இதர, அவசரம்’. பதினான்காவது, ‘மேற்படி இதரவின் தொடர்ச்சி’. கணக்கு எழுதினாயா, தொடர்கதை எழுதினாயா?

தம்பி: எழுத உட்காரும்போது நினைவுக்கு வராதவற்றையும், நினைவுக்கு வந்தும் எழுதக் கூச்சமாக இருந்தவற்றையும் அந்தத் தலைப்பில் சேர்த்திருக்கிறேன்.

அக்கா: கூட்டிப் பார்த்தால் உன் சம்பளத்தில் வாடகைக்கு 28 சதவீதமும், இதரவுக்கு 31 சதவீதமும் போயிருக்கின்றன. நீ குடியிருக்கும் வீட்டைவிட இதர பெரிய வீடாக இருக்கிறதே, அதில் யாரைக் குடிவைத்திருக்கிறாய்?

தம்பி: நீ இதை வெறும் வீட்டுக் கணக்காகப் பார்க்கிறாய். மந்த காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கையை மூடிக்கொண்டால், கடைக்காரனுக்கு வியாபாரம் இல்லாமல் போய், அவனிடம் வேலை பார்ப்பவனுக்குச் சம்பளம் இல்லாமல் போய், கடைசியில் யாராலும் சேமிக்க முடியாமல் போய்விடும் என்று கெய்ன்ஸ் என்ற பொருளாதார மேதை எச்சரித்திருக்கிறார். நாட்டுக்காக ஒருவன் செலவழிக்க வேண்டாமா?

அக்கா: மக்கள் கையை மூடும்போது அரசாங்கம் கையைத் திறக்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். உன்னை அரசாங்கம் என்று யார் சொன்னது? போகட்டும், பன்னிரண்டாம் தேதி இதர என்ன? இவ்வளவு பெரிய தொகையை இவ்வளவு சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய்.

தம்பி: அது தொலைக்காட்சி. விலைவாசி ஏறும்போது பணத்தைக் கையில் வைத்திருப்பவன் ஏமாளி. 1923-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் தேவைப்பட்டது. அங்கே சம்பளம் கைக்கு வந்த அடுத்த நிமிடமே, விலை மறுபடி ஏறுவதற்குள் கடைக்கு ஓடினார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன்.

அக்கா: அவர்கள் ஓடியது வயிற்றுப்பாட்டுக்காக. விலை ஏறிவிடுமே என்று பயந்து, ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கிக்கொண்டே வரும் பொருளாகப் பார்த்து வாங்கியவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். சரி, பணத்துக்கு என்ன செய்தாய்?

தம்பி: கடன் அட்டை எதற்கு இருக்கிறது? மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். 5 சதவீதம்தான் கேட்கிறார்கள். மிகவும் நல்ல மனிதர்கள்.

(அக்கா நோட்டை மூடுகிறாள். அவள் நோட்டை மூடினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.)

அக்கா: வட்டி எவ்வளவு?

தம்பி: மாதம் 3. ஒற்றை இலக்கம்தான்.

அக்கா: 100 கடன் என்று வை. மாதம் 3 வட்டி ஏறுகிறது. நீ 5 சதவீதம் கட்டுகிறாய். கட்டியதில் பாதிக்கு மேல் வட்டியே விழுங்கிவிடுகிறது. இப்படியே ஓர் ஆண்டு ஒழுங்காகக் கட்டினால், மொத்தம் 55 கட்டியிருப்பாய். கடனோ 77-இல் நிற்கும்.

தம்பி: அப்படியானால் 32 எங்கே போயிற்று?

அக்கா: அந்த நல்ல மனிதர்களின் வீட்டுக்கு.

தம்பி: (சற்றுக் கலங்கி) இருந்தாலும் நான் முன்யோசனை உள்ளவன், அக்கா. வங்கியில் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் வைப்பு நிதி போட்டிருக்கிறேன். அதைத் தொடுவதே இல்லை.

அக்கா: அதைத்தான் தொட வேண்டும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எவ்வளவு காலத்தில் இரட்டிக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். உன் சேமிப்பு 6 சதவீதம். ஆகவே 12 ஆண்டு. கடன் மாதம் 3. ஆகவே 24 மாதம். கட்டாமல் விட்டால், உன் சேமிப்பில் ஒன்று இரண்டாகும் காலத்துக்குள் கடனில் ஒன்று ஆறு முறை இரட்டித்து 64 ஆகியிருக்கும். சேமிப்பு நடந்து போகிறது, கடன் குதிரையில் போகிறது. நீ என்னவென்றால் நடந்து போகிறவனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

தம்பி: முதிர்வுக்கு முன்னால் எடுத்தால் அபராதம் பிடிப்பார்களே?

அக்கா: வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள். மாதம் 3 கொடுக்கிறவன் அதற்குப் பயப்படலாமா? ஒரு மாதச் செலவுக்கு மட்டும் கையில் நிறுத்திக்கொண்டு, மீதியை அட்டைக் கடனில் கட்டு. கடன் தீர்ந்த பிறகு, வேலை போனாலும் ஆறு மாதம் அடுப்பு எரிகிற அளவுக்கு, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய இடத்தில் சேர்த்து வை. செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருக்காதே. உன் கையில் மிஞ்சாது. கட்டாயம் என்று தெரிந்ததை எல்லாம் சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

தம்பி: நீ எடுத்து வைத்திருக்கிறாயா?

அக்கா: ஏழு மாதத்துக்கு இருக்கிறது.

தம்பி: ஆறு மாதம் என்றுதானே சொன்னாய்?

அக்கா: உன் அத்தானுக்கு வேலை போனால் சமாளிக்க ஆறு மாதம். நீ வந்தால் சமாளிக்க ஒரு மாதம்.

தம்பி: (அக்காவின் நோட்டை எடுத்துப் பார்த்து) என்ன அக்கா இது! ‘எதிர்பாராத இடர்கள்: மழையில் கூரை ஒழுகுதல், மருத்துவம், தம்பி.’ கூடப் பிறந்தவனைக் கூரைக்குக் கீழேயா எழுதுவாய்? அதுவும் தவறான கணக்கு. மாதம் தவறாமல் வருகிற நான் எப்படி எதிர்பாராத இடர் ஆவேன்?

அக்கா: நியாயமான கேள்வி. அதனால்தான் அடுத்த பக்கத்தில் உன்னை அடித்துத் திருத்தி, வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் நடுவில், நிலையான செலவுகளில் சேர்த்திருக்கிறேன்.

தம்பி: (அடுத்த பக்கத்தைப் பார்த்து, முகம் மலர்ந்து) உன்னிடம் பாடம் கேட்க வந்தது வீண்போகவில்லை, அக்கா. நான் கட்டாயச் செலவு என்று ஆகிவிட்டபடியால், இனிமேல் மாதக் கடைசிவரை என்னை இழுத்தடிக்காதே. என் பங்கையும் சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்து வைத்துவிடு.